டெல்டா கடற்கரையில் களப்பணி: முதல்முறை அளக்கப் போகிறவர்களுக்கு

தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயிலுக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் மாணவர்களிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்: கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது? பாண்டியர் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கோயில் அது. முன்பகுதியை அலை கொண்டுபோய்விட்டது. எஞ்சியதைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். ஒருவர் ஐம்பது மீட்டர் என்பார். இன்னொருவர் அரை கிலோமீட்டர் என்பார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் அமைதியாகிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் பையிலிருந்து டேப்பை எடுப்போம்.

மேல்நிலை வகுப்பில் புவியியல் படிப்பவர்கள், கல்லூரியில் முதல் களப்பணிக்குத் தயாராகிறவர்கள், அவர்களை அழைத்துப் போகும் புதிய ஆசிரியர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு தொடங்கி, கரை மேற்கே திரும்பும் கோடியக்கரை வரை நம் களம். இங்கே அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஆனால், போன இடத்துக்கே மறுபடியும் போகும் பொறுமை வேண்டும். ஒரே ஒரு நாள் அளந்த கடற்கரை அன்றைய கடற்கரை மட்டும்தான். அரிப்பு, படிவு என்ற சொற்களைப் பயன்படுத்த வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு முறை போக வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்த இரண்டாவது பயணத்தை மனத்தில் வைத்துச் சொல்வதுதான்.

கேள்வியைச் சிறிதாக்குங்கள்

"நாகை மாவட்டத்தில் கடல் அரிப்பும் மேலாண்மையும்" என்று தலைப்பு வைத்துக்கொண்டு கிளம்புகிற குழு, மாலையில் நானூறு புகைப்படங்களோடு திரும்பும். சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. ஒரே நாளில் பதில் தேடக்கூடிய கேள்வியாக எடுங்கள். என் பரிந்துரை இது: இந்தத் தூண்டில் வளைவின் (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவரின்) தெற்குப் பக்கமும் வடக்குப் பக்கமும் மணல் ஒரே உயரத்தில் இருக்கிறதா?

இதற்குப் பின்னால் உள்ள காரணத்தைப் புரிந்துகொண்டு போவது நல்லது. அலை கரையில் பெரும்பாலும் சாய்வாகவே மோதுகிறது. ஏறும்போது மணலைச் சாய்வாகக் கொண்டுபோகிறது; இறங்கும்போது நேராகக் கீழே இழுக்கிறது. இப்படி ரம்பப் பல் போன்ற பாதையில் மணல் கரையோரமாகவே பயணம் செய்கிறது. தென்மேற்குப் பருவத்தில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் நகரும். கடலுக்குள் நீளும் கற்சுவர் ஒன்று குறுக்கே வந்தால், மணல் வருகிற பக்கம் சேர்ந்துகொள்ளும்; மறுபக்கம் பட்டினி கிடக்கும். சென்னைத் துறைமுகம் 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட பிறகு தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்ததும் இதனால்தான்.

ஆனால் அந்தச் சென்னைப் படத்தை அப்படியே நம் கரையில் ஒட்டிவிடாதீர்கள். தெற்கே போகப் போக இலங்கைத் தீவு அலைகளுக்குக் குறுக்கே நிற்கிறது. தெற்கிலிருந்து வரும் அலைகளின் வேகம் கோடியக்கரைப் பக்கம் சென்னையில் இருப்பதுபோல இருக்காது. ஆகவே "மணல் வடக்கே போகும்" என்று மனப்பாடமாக எழுதாமல், அளந்து சொல்லுங்கள்.

எந்த ஊர்?

முதல்முறை என்றால் தயங்காமல் தரங்கம்பாடி. 1620-இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை, கோயில், கருங்கல் தடுப்பு, மீனவர் குடியிருப்பு எல்லாம் நடந்தே பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. கோட்டையும் கோயிலும் அசையாத அடையாளங்கள் என்பதால் அளவைத் தொடங்க வசதி.

பூம்புகார் இரண்டாவது. மயிலாடுதுறையிலிருந்து இரண்டு ஊருக்கும் பஸ் உண்டு. காவிரி கடலில் கலக்கும் இடத்தைப் பார்த்ததும் மாணவர்கள் திகைத்துப்போவார்கள். இவ்வளவு சிறிய வாய்க்காலா என்பார்கள். அந்தத் திகைப்பைப் பாடமாக்குங்கள். வெள்ளத்தின் பெரும்பகுதி முக்கொம்பிலேயே கொள்ளிடத்துக்குத் திரும்பிவிடுகிறது. அங்கே மேலணை கட்டப்பட்டது 1836-இல். 1934-இல் மேட்டூர் அணை வந்தது. அணையில் தண்ணீர் நிற்கும்போது வண்டலும் மணலும் அங்கேயே தங்கிவிடுகின்றன. கீழே ஆற்றிலும் மணலை அள்ளுகிறோம். கடற்கரைக்கு மணல் தருவது ஆறு. ஆறு தராதபோது, அலை எடுத்துக்கொண்டதை யார் ஈடுசெய்வது? கல் கொட்டுவதைப் பற்றி மட்டும் பேசும் அறிக்கை பாதி அறிக்கைதான். பூம்புகாருக்குப் போகிற குழு வழியில் மேலையூர் கடைமடைக் கதவணையில் கால் மணி நேரம் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

வேளாங்கண்ணி, சுற்றுலா கரையை என்ன செய்கிறது என்று ஆராய ஏற்ற இடம். கோடியக்கரை சரணாலயம், வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. காரைக்கால் நம் கரையின் நடுவில் இருந்தாலும் புதுச்சேரி ஒன்றியப் பகுதி. அனுமதிக் கடிதம் வேறு அலுவலகத்துக்கு எழுத வேண்டும், கடலோர ஒழுங்குமுறையைக் கவனிக்கும் அமைப்பும் வேறு. இதை மறந்து காரைக்காலையும் தமிழ்நாட்டு ஊர்களையும் ஒரே அட்டவணையில் போட்டுவிடுகிறார்கள்.

நாளும் நேரமும்

செப்டம்பரில் ஒரு முறை, மழைக்காலம் முடிந்து ஜனவரிக் கடைசியில் ஒரு முறை. இடையில் வடகிழக்குப் பருவமழையும் புயல்களும் கரையைக் கரைத்துவிட்டுப் போயிருக்கும். அந்த வேறுபாடுதான் உங்கள் முடிவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாணவர்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகாதீர்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது என்ன நடந்தது என்று இந்த மாவட்டங்களில் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை.

ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் பூம்புகாரில் நீராட வரும் கூட்டத்தில் டேப்பை விரிக்கவே முடியாது. டிசம்பர் 26 அன்று எங்கேயும் போக வேண்டாம். அன்று மக்கள் கரைக்கு வருவது 2004 சுனாமியில் போனவர்களுக்குப் பூப்போடவும் பால் ஊற்றவும். ஒரு கேள்வித்தாளோடு அங்கே நிற்பது தகாது.

இந்தக் கரையில் ஓதத்தின், அதாவது கடல் மட்டம் ஏறி இறங்குவதின், ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான உயர வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. குறைவு என்று அலட்சியமாக விட்டுவிடக் கூடாது. சரிவு குறைந்த கரையில் அரை மீட்டர் ஏறினாலே தண்ணீரின் விளிம்பு பல மீட்டர் உள்ளே வந்துவிடும். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வேறுபாடு மிகுதி. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அலை, ஓத முன்னறிவிப்புகளை வெளியிடுகிறது. முந்தின நாளே பார்த்துவிடுங்கள். இரண்டாவது பயணமும் முதல் பயணத்தின் அதே திதியை ஒட்டி, வற்ற நேரத்தில் அமையட்டும். தினசரி காலண்டர் இருந்தால் போதும்.

கிழக்குக் கரைக்கே உரிய சிக்கல் ஒன்று: காலையில் சூரியன் கடலுக்கு மேல் நிற்கும். தொடுவானத்தைப் பார்த்து அளக்கும் வேலையைக் காலை ஏழு மணிக்கு வைத்தால் கண் கூசி ஒருவருக்கும் எண் தெரியாது. படகுகள் திரும்பி மீன் ஏலம் நடக்கும் காலை நேரத்தைப் பேச்சுக்கும் வரைபடத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் முதுகுப் பக்கம் வந்ததும், மூன்று மணிக்கு மேல், சரிவை அளக்கலாம். வற்ற நேரமும் இதோடு பொருந்தும் நாளாகத் தேடுவது கொஞ்சம் வேலைதான், தேடுங்கள்.

அனுமதி

கல்லூரிக் கடிதம் காவல் நிலையத்துக்கும் கடலோரக் காவல் குழுமத்துக்கும் போகட்டும். அதைவிட முக்கியமானது ஊர்ப் பஞ்சாயத்தாரைப் போய்ப் பார்ப்பது. மீனவக் கிராமத்தில் கடற்கரை என்பது படகு ஏற்றும் இடம், வலை உலர்த்தும் இடம், கருவாடு காயப்போடும் இடம். இன்னொருவர் வீட்டு முற்றத்தில் நுழைவதுபோலத்தான். ஒரு வாரம் முன்பே நேரில் போய், என்ன அளக்கப்போகிறோம், எதற்காக, முடிவை என்ன செய்வோம் என்று சொல்லுங்கள். "எங்கள் ஊருக்குக் கல் போட வைப்பீர்களா?" என்று கேட்பார்கள். முடியாது என்றே சொல்லுங்கள். பொய்யான நம்பிக்கையைக் கொடுத்துவிட்டு வந்தால், அடுத்த ஆண்டு போகிறவர்கள் முகம் கொடுக்க முடியாது.

பையில் என்ன இருக்க வேண்டும்?

முப்பது மீட்டர் டேப், ஒன்றரை மீட்டர் நீளத்தில் இரண்டு நேரான கம்புகள், அவற்றில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் கோடு, இரண்டு மீட்டர் கயிறு, திசைகாட்டி, காந்தம், பென்சில், கெட்டி அட்டை போட்ட நோட்டு. பேனா மை உப்புக் காற்றிலும் ஈரத்திலும் கரைந்துவிடும். தொப்பி, குடிநீர், முதலுதவிப் பெட்டி ஆகியவற்றை ஒவ்வொரு குழுவுக்கும் தனியாக. உரிக்காத ஆரஞ்சுப் பழம் ஐந்தாறு. எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

சரிவை அளப்பது

மனம் ஊன்றிச் செய்ய வேண்டிய வேலை இதுதான். எமரி என்ற ஆய்வாளர் 1961-இல் விவரித்த எளிய முறை இன்றும் போதுமானது.

முதலில் தொடக்கக்குறி. அசையாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: கோட்டை மதிலின் மூலை, கோயில் படி, கலங்கரை விளக்கச் சுற்றுச்சுவர். தென்னை மரமோ மின்கம்பமோ அடுத்த புயலில் இருக்கும் என்று உறுதி இல்லை. நாங்கள் முதன்முறை போனபோது "சவுக்குத் தோப்பின் ஓரம்" என்று நோட்டில் எழுதிக்கொண்டு வந்தோம். நான்கு மாதம் கழித்துப் போய் நின்றால் எந்த ஓரம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் உழைப்பு முழுவதும் ஒப்பிட முடியாமல் போனது. அதிலிருந்து, தொடக்கக்குறியை மூன்று பக்கமிருந்து புகைப்படம் எடுப்போம். பக்கத்தில் உள்ள இரண்டு நிலையான பொருள்களிலிருந்து டேப்பால் தூரம் அளந்து எழுதுவோம். கடல் நோக்கிய கோட்டின் திசையைப் பாகையில் குறிப்போம். கைப்பேசி காட்டும் இடக்குறியையும் எழுதலாம். ஆனால் அதில் சில மீட்டர் பிழை இருக்கும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது.

இனி அளவு. முதல் கம்பைத் தொடக்கக்குறியில் நிறுத்துங்கள். இரண்டாவதைக் கடல் பக்கம் இரண்டு மீட்டர் தள்ளி, அதே கோட்டில். பார்ப்பவர் முதல் கம்புக்குப் பின்னால் நிற்க வேண்டும். கடல் பக்கக் கம்பு தாழ்ந்து இருந்தால், அதன் உச்சியையும் தொடுவானத்தையும் ஒரே நேர்கோட்டில் பார்த்து, அந்தக் கோடு தன் பக்கக் கம்பை எங்கே வெட்டுகிறது என்று உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் படிக்க வேண்டும். இருபது சென்டிமீட்டர் என்றால் தரை அவ்வளவு இறங்கியிருக்கிறது. இரண்டு மீட்டருக்கு இருபது சென்டிமீட்டர், அதாவது பத்துக்கு ஒன்று சரிவு. கடல் பக்கக் கம்பு உயர்ந்து இருந்தால் தன் கம்பின் உச்சியையும் தொடுவானத்தையும் சேர்த்துப் பார்த்து, கடல் பக்கக் கம்பில் உச்சியிலிருந்து படியுங்கள். அது ஏற்றம், கூட்டல் குறியோடு எழுதுங்கள். பிறகு முதல் கம்பைக் கடல் பக்கக் கம்பு நின்ற இடத்துக்கு மாற்றி, மறுபடியும் இரண்டு மீட்டர்.

மூட்டமான நாளில் தொடுவானம் தெரியாது. அப்போது கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் கைகொடுக்கும். நிறமில்லாத குழாயில் காற்றுக் குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பி இரண்டு கம்பிலும் பிடித்தால், தண்ணீர் மட்டம் நிற்கும் உயரங்களின் வேறுபாடே தரையின் வேறுபாடு. எனக்கு இந்த முறைதான் அதிகம் பிடிக்கும். ஊரில் எந்தக் கட்டுமான வேலை நடக்கும் இடத்திலும் கேட்டால் செய்துகாட்டுவார்கள்.

கம்பு மணலில் புதையக் கூடாது. அடியில் சிறு பலகைத் துண்டை ஆணியடித்துக்கொள்ளுங்கள். கோட்டில் வரும் எல்லாவற்றையும் எழுதுங்கள்: அடப்பங்கொடி தொடங்கும் இடம், இராவணன் மீசைப் புல் நிற்கும் மணல்மேடு, நேற்றைய ஏற்றம் விட்டுப்போன சருகுக் கோடு, ஈர மணல் ஆரம்பம். தண்ணீரில் கணுக்கால் அளவோடு நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஓர் அடி வைப்பதால் கிடைக்கும் அளவு எதற்கும் உதவாது; முகத்துவாரத்தின் அருகே தரை திடீரென்று ஆழமாகும், இழுப்பும் கடுமையாக இருக்கும்.

தூண்டில் வளைவின் இரு பக்கமும் சமமான தூரத்தில், குறைந்தது இரண்டிரண்டு கோடுகள் அளக்க வேண்டும். பாசி பிடித்த கருங்கல் மேல் யாரும் ஏற வேண்டாம்.

அலையும் நீரோட்டமும்

பதினொரு அலைகள் உடையும் நேரத்தை எண்ணிப் பத்தால் வகுத்தால் ஓர் அலைக்கான இடைவெளி கிடைக்கும். ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள்.

நீரோட்டத்துக்கு ஆரஞ்சு. அது தண்ணீரில் பெரும்பாலும் மூழ்கியே மிதப்பதால் காற்று அதை அதிகம் தள்ளாது. உரித்தால் மூழ்கிவிடும். கரையோரம் பத்து மீட்டர் தூரத்துக்கு இரண்டு குச்சிகளை நட்டு, அலை உடையும் இடத்தில் பழத்தை எறிந்து, கடக்கும் நேரத்தைக் குறியுங்கள். ஐம்பது விநாடியில் கடந்தால் விநாடிக்கு 0.2 மீட்டர். எந்தத் திசையில் என்பது வேகத்தைவிட முக்கியம். தெர்மாகோல், பிளாஸ்டிக் பாட்டில் வேண்டவே வேண்டாம்: காற்றில் ஓடும், கடலிலும் தங்கிவிடும்.

அன்றைய காற்றின் திசையை எழுதும்போது மீனவர்களிடம் அதன் பெயரையும் கேளுங்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். எந்தப் பெயர் எந்தத் திசை, எந்த மாதம் என்பதில் ஊருக்கு ஊர் சிறு வேறுபாடு இருக்கும். ஆரஞ்சு ஒரு நாள் காட்டிய திசையை, கரைவலை இழுப்பவர் முப்பது ஆண்டுகளாகப் பார்த்துவருகிறார். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே அருமையான ஆய்வு.

மணல்

அளந்த கோட்டில் மூன்று இடங்களில் மேல் ஐந்து சென்டிமீட்டரிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்தால் போதும். ஆய்வகத்தில் உலர்த்திச் சலித்துப் பார்த்துவிட்டு, அடுத்த பயணத்தில் திரும்பக் கொட்டிவிடுங்கள். சில இடங்களில் கறுப்புப் பட்டை தெரியும். கனமான கனிமங்களை அங்கேயே விட்டுவிட்டு இலேசான மணலை அலை எடுத்துச் சென்றதன் அடையாளம். காந்தத்தைத் தாளில் சுற்றி அதன்மேல் ஓட்டினால் ஒரு பகுதி ஒட்டிக்கொள்ளும்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும் காலம். முட்டை இருக்கும் இடம் என்று குச்சி நட்டு அடையாளம் வைத்த இடத்தில் கால் வைக்காதீர்கள்.

மேலாண்மை: அளந்ததும் கேட்டதும்

இப்போது கட்டுமானங்களைப் பாருங்கள். கருங்கல் தடுப்பின் நீளம், உயரம், எங்கே சரிந்திருக்கிறது, அது முடியும் இடத்தில் கரை எப்படி இருக்கிறது. சுவர் முடியும் இடத்தில்தான் அரிப்பு கூடுதலாகத் தெரியும். அங்கே ஒரு கோடு அளக்க மறக்காதீர்கள். சுனாமிக்குப் பிறகு நட்ட சவுக்கு, இயல்பாக வளர்ந்த தாழை, அடப்பங்கொடி ஆகியவற்றையும் மேலாண்மையாகவே கணக்கில் எடுங்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கரையோரத்தில் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-இல் வந்தது. 2011-இலும் 2019-இலும் புதியவை வந்தன. உயர் ஓதக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை இதன் வரம்பு. மாணவர்கள் டேப்பைப் பிடித்துக்கொண்டு, கோட்டுக்குள் உள்ள எல்லாக் கூரையையும் "விதிமீறல்" என்று எண்ணி வருகிறார்கள். இது என்னை வருந்தச் செய்யும் பிழை. பாரம்பரிய மீனவர்களின் வீட்டையும் தொழிலையும் அந்த அறிவிக்கைகளே தனியாக நடத்துகின்றன. வலைக்கூடமும் விடுதியும் ஒன்றல்ல. எது எதற்குப் பயன்படுகிறது என்று குறியுங்கள்; தீர்ப்பை எழுதாதீர்கள்.

நேர்காணலுக்கு வலை பின்னும் இடம் நல்ல இடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், பேசவும் நேரம் இருக்கும். பெரியவர்களை ஐயா, அம்மா என்று அழைத்து, உட்கார்ந்து பேசுங்கள். "கடல் அரிப்பு பற்றி உங்கள் கருத்து என்ன?" என்றால் ஒரு வரிதான் வரும். "நீங்கள் சிறுவயதில் படகை எங்கே ஏற்றி வைப்பீர்கள், ஐயா? அந்த இடத்தைக் காட்டுகிறீர்களா?" என்று கேளுங்கள். அவரே எழுந்து நடப்பார். அவர் நின்று காட்டும் இடத்தைத் தொடக்கக்குறியிலிருந்து அளந்து, அவர் சொன்ன ஆண்டோடு எழுதிக்கொள்ளுங்கள். மீன் விற்கும் பெண்களையும் கேளுங்கள். கரை சுருங்கினால் கருவாடு காயவைக்க இடமில்லாமல் போவது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். சுனாமியைப் பற்றி நீங்களாகத் தொடங்க வேண்டாம். அவர்கள் பேசினால், நோட்டை மூடிவிட்டுக் கேளுங்கள்.

திரும்பிய பிறகு

அன்றிரவே குறுக்குவெட்டை வரையுங்கள். மறுநாள் என்றால் கிறுக்கல் புரியாது. கிடைமட்டத் தூரம் ஓர் அச்சில், கூட்டிக் கழித்து வந்த உயரம் இன்னோர் அச்சில். ஜனவரியில் அதே தாளில், வேறு நிறத்தில் இரண்டாவது கோட்டை வரைந்தால், இரண்டுக்கும் இடையே உள்ள பரப்பே மழைக்காலம் கொண்டுபோன மணல், அல்லது கொண்டுவந்த மணல். கூகுள் எர்த்தின் பழைய ஆண்டுப் படங்களில் கரைக்கோட்டை வரைந்து ஒப்பிடலாம். ஓதம் எந்த நிலையில் இருந்தபோது எடுத்த படம் என்று தெரியாததால், சில மீட்டர் வேறுபாட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அறிக்கையில் இரண்டு பயணங்களின் தேதி, நேரம், திதி, காற்று, தொடக்கக்குறியின் முழு விவரம் ஆகியவை முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒரு பிரதி துறை நூலகத்துக்கு, அடுத்த ஆண்டு மாணவர்கள் அதே மதில் மூலையில் கம்பை நிறுத்துவதற்காக. இன்னொரு பிரதியைத் தமிழில் இரண்டு பக்கமாகச் சுருக்கி, வரைபடத்தோடு ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் நேரில் கொடுங்கள். படகு ஏற்றிய பழைய இடத்தைக் காட்டிய பெரியவரிடம் அந்தப் படத்தை விரித்து, அவர் நின்ற இடம் எது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். அவர் திருத்தம் சொன்னால், குறித்துக்கொள்ளுங்கள்.